ஆராய்ச்சி எங்கே முடிகிறது?



விஞ்ஞான ஆராய்ச்சியை இரு வகையாகப் பகுத்துக் கூறுவது அறிஞர் வழக்கம். இயற்கையின் உண்மையை அறிதல் ஒன்றையே நோக்கமாகக் கொண்டு செய்வது ஒரு வகை. அதனை அடிப்படை ஆராய்ச்சி என்பர். அவ்வாறு அறிந்த உண்மையைக் கொண்டு மனிதனுடைய குறையொன்றைத் தீர்க்க முயல்வது மற்றொரு வகை. அதுவே பயன்பாட்டு ஆராய்ச்சி. முன்னது அரியது, பின்னது எளியது என்றோர் எண்ணம் படித்தவர்களிடத்தும் உண்டு. அது சரியன்று என்பதையும், பயன்பாட்டு ஆராய்ச்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் வானவெளி, கணிப்பொறி, மருத்துவம் ஆகிய மூன்று துறைகளும் கைகோத்து நின்ற சில நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வோம்.

எங்கள் சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி வழியாகத் தெற்கே சென்றால், பணகுடியை அடுத்து மகேந்திரகிரி மலையடிவாரம் வரும். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் ராக்கெட்டு எஞ்சின்களை அங்கே அசையாதபடி பிணைத்து நிறுத்தி, எரியூட்டிச் சோதிக்கின்றனர். "இத்தனை பொருட்செலவில் வானத்தை எட்டுவதால் நம் ஊர் ஏழைக்கு என்ன லாபம் சார்?" என்று வகுப்பறையில் மாணவர்கள் என்னைக் கேட்டதுண்டு. அது குறும்புக் கேள்வி அன்று, நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையாக விடை கூறவேண்டுவது ஆசிரியனின் கடமை.

முதலில் ஒரு பொருளைப் பற்றிக் கூறுகிறேன். எங்கள் ஊர் நெசவுக்குப் பெயர்பெற்றது. தறியில் ஏற்றுமுன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதை நெசவாளர் தெருவில் எவரும் கண்டிருக்கலாம். தனி நூல் துவளும். கஞ்சி தோய்ந்து காய்ந்த நூல் விறைத்து நிற்கும். ஏறத்தாழ இதே தத்துவத்தில் அமைந்தவைதாம் ராக்கெட்டிலும் ஏவுகணையிலும் பயன்படும் கூட்டுப்பொருள்கள். கண்ணாடி இழையையோ கரி இழையையோ பின்னி, அதனைப் பிசின் போன்றதொரு பொருளில் தோய்த்து இறுகச் செய்கின்றனர். இழை வலிமையைத் தருகிறது. பிசின் உருவத்தைக் காக்கிறது. இரண்டும் சேர்ந்தபின் எஃகைப்போல் உறுதியும், அதில் ஒரு சிறு பங்கே எடையும் உள்ள பொருள் கிடைக்கிறது. வானில் ஏறும் கலத்துக்கு ஒவ்வொரு கிராமும் சுமை. ஆகவே அங்கே இப்பொருள் இன்றியமையாதது.

இராமேசுவரத்தில் 1931ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் அப்துல் கலாம், எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டு 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் வெற்றியுடன் செயற்கைத் துணைக்கோளை ஏற்றியபோது அத்திட்டத்தின் தலைவராக இருந்தவர். பின்னர் ஐதராபாத்தில் ஏவுகணைப் பணியை மேற்கொண்டார். அங்கே அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்து எலும்பு மருத்துவர் ஒருவர் வந்தார். கூட்டுப்பொருள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்த அவர், அதன் எடைக்குறைவைக் கண்டு வியந்து, கலாம் அவர்களைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கால் வலுவிழந்த சிறுவர் சிறுமியர் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகக் காலிப்பரைப் பூட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தனர். மூன்று வாரத்தில் அதே பொருளைக்கொண்டு சுமார் 300 கிராம் எடையுள்ள காலணைவு செய்யப்பட்டது. குழந்தைகள் அதை அணிந்து ஓடியாடினர் என்றும், பெற்றோர் கண்ணீர் வடித்தனர் என்றும் கலாம் பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தக் காலிப்பரின் பாரத்தை நான் நேரில் அறிவேன். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த காலத்தில் இளம்பிள்ளைவாதம் ஒழிந்திருக்கவில்லை. இந்தியாவில் அந்நோயின் இயற்கையான கிருமியால் கடைசியாகத் தாக்குண்ட குழந்தை 2011ஆம் ஆண்டு ஜனவரியில்தான் காணப்பட்டது. ஆகவே என் வகுப்புக்களில் காலிப்பர் அணிந்த மாணவர்கள் இருந்தனர். மணியடித்ததும் மற்றப் பிள்ளைகள் மைதானத்துக்குப் பாய்வர். தாழ்வாரத்தில் இரும்பு தட்டும் ஓசை மட்டும் பின்தங்கி வரும். அத்தகைய பிள்ளைக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் குறைவது என்பது எண்ணிக்கை அன்று. விளையாட்டில் இடம் கிடைப்பது.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. ஆய்வுக்கூடத்தில் பொருள் இருந்தது. மருத்துவமனையில் தேவை இருந்தது. இரண்டும் ஒரே நகரத்தில் இருந்தும், ஒருவர் மற்றவரது வாயிலை மிதித்த பின்னரே குழந்தைக்குப் பயன் விளைந்தது. எனவே, பயன்பாட்டு ஆராய்ச்சி பிறர் துன்பத்தைக் கண்ணால் காண்பதில் தொடங்குகிறது எனலாம்.

அடுத்து, செய்தியைக் கொண்டுசெல்லும் கலையைப் பார்ப்போம். பூமத்திய ரேகைக்கு நேர்மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் துணைக்கோள், பூமி ஒருமுறை சுழலும் அதே நேரத்தில் தானும் ஒருமுறை சுற்றி வருகிறது. அதனால் நம் பார்வைக்கு அது ஓரிடத்தில் நிலைத்து நிற்பதாகத் தோன்றும். அங்கே சென்று திரும்பும் வானொலி அலை 72,000 கிலோமீட்டர் செல்ல வேண்டும். வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் அதற்குப் பிடிக்கும் நேரம் கால் வினாடியே. வகுப்பில் இக்கணக்கை மாணவர்களைக் கொண்டே போடச் செய்வது என் வழக்கம்.

இந்தக் கால் வினாடியைக் கிராமத்துக்குப் பயன்படுத்தும் முயற்சி 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி ஓராண்டு நடந்தது. அமெரிக்கரின் ஏ.டி.எஸ்.-6 என்னும் துணைக்கோளைக் கடனாகப் பெற்று, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழியாக உழவும் சுகாதாரமும் கல்வியும் போதிக்கப்பட்டன. அக்கிராமங்களில் அலை வாங்கும் வட்டிலைக் கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பிவலையைக் கொண்டு அமைத்தனர் என்பது மறக்கத்தகாத செய்தி. விண்ணில் அரிய யந்திரம், மண்ணில் கோழிவலை. இரண்டில் எது இல்லாவிடினும் திட்டம் நடந்திராது.

2001ஆம் ஆண்டில் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் தொலைமருத்துவத்தைத் தொடங்கிற்று. தீவுகளிலும் மலைப்பகுதிகளிலும் உள்ள சிறு மருத்துவமனைகள் துணைக்கோள் வழியாக நகரத்துப் பெருமருத்துவமனைகளுடன் இணைக்கப்பட்டன. நோயாளி தம் ஊரில் இருக்க, அவருடைய இதயத்துடிப்பு வரைபடமும் ஊடுகதிர்ப் படமும் நிபுணரின் மேசைக்குச் சென்றன.

ஆனால் துணைக்கோள்தான் எங்கும் வேண்டுமென்பதில்லை. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, பணி ஓய்வுக்குப்பின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனபின்னும் கத்தியேந்திக் கண் அறுவை செய்தவர் அவர். அம்மருத்துவமனையார் சிற்றூர்களில் பார்வை மையங்களை நிறுவியபோது, தேனிப் பகுதியில் அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் துணைநின்றனர். வீட்டுக்குள் குறுகிய தூரத்துக்குப் பயன்படும் கம்பியில்லாக் கருவியையே சிறிது மாற்றி, உயர்ந்த கம்பங்களில் ஒன்றையொன்று நோக்குமாறு நிறுத்திப் பல கிலோமீட்டர் தூரம் படமும் பேச்சும் செல்லச் செய்தனர். செலவு குறைந்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைச் சோதிக்கிறார். மருத்துவர் தொலைவிலிருந்து நோயாளியுடன் பேசுகிறார். பெரும்பாலோர் பேருந்துக்குக் காசு செலவழித்துப் பெருமருத்துவமனைக்குச் செல்ல நேர்வதில்லை. ஒருநாள் கூலியை இழவாமல் கண்ணாடி பெறுவது அன்றாடம் உழைப்பவருக்கு எத்துணைப் பெரிய உதவி என்பதைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

மூன்றாவதாகக் கணிப்பொறிக்கு வருவோம். நீரிழிவு உடையவர்க்கு விழித்திரையிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதுபட்டுக் கசியத் தொடங்கும். தொடக்கத்தில் வலி இராது, பார்வையும் குறையாது. குறைந்ததை உணரும்போது சேதம் மிகுந்திருக்கும். இழந்த பார்வையை முழுதும் மீட்பது அரிது. காலத்தே கண்டால் காப்பது எளிது. ஆனால் நோயாளிகள் பல கோடியினர். விழித்திரை மருத்துவர் மிகச் சிலர். இங்கேதான் கணிப்பொறி துணைக்கு வருகிறது.

கணிப்பொறிக்கு இதனைக் கற்பித்த விதம் ஆசிரியர்களாகிய எங்களுக்குச் சுவையானது. "இவ்வாறிருந்தால் நோய்" என்று இலக்கணம் எழுதி மனனம் செய்விக்கவில்லை. திருத்திய விடைத்தாள்களைக் காட்டிப் பயிற்றுவதுபோல், மருத்துவர்கள் பார்த்துக் குறித்த விழித்திரைப் படங்களை ஆயிரக்கணக்கில் காட்டினர். 2016ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் வெளியிட்ட கட்டுரையின்படி, 1,28,175 படங்கள் பயன்பட்டன. அவற்றை மதிப்பிட்டவர்கள் 54 மருத்துவர்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா முதலிய நம் நாட்டு மருத்துவமனைகளின் படங்களும் அவற்றுள் அடங்கும். முடிவில் அக்கணிப்பொறி தேர்ந்த மருத்துவர்க்கு நிகராக நோயை இனங்கண்டது.

இத்துடன் ஆராய்ச்சி முடிந்தது என்று கூறலாமா? இதே முறையைத் தாய்லாந்து நாட்டில் 11 சிற்றூர் மருத்துவ நிலையங்களில் பயன்படுத்திப் பார்த்தனர். 2020இல் வெளியான அதன் விவரம் நம் சிந்தனைக்குரியது. எடுத்த 1,838 படங்களில் 100க்கு 21, தெளிவு போதாமையால் கணிப்பொறியால் ஒதுக்கப்பட்டன. பல இடங்களில் அறையைப் போதிய அளவு இருட்டாக்க முடியவில்லை. சில நேரங்களில் இணையத்தொடர்பு தாமதித்து வரிசை நீண்டது. மேலும், படம் தெளிவில்லையெனில் நோயாளி தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்த அலைச்சலுக்கு அஞ்சியே சிலர் பின்வாங்கினர். கணிப்பொறி கற்ற பாடத்தில் பிழையில்லை. ஆனால் திரைச்சீலையும் பேருந்துக் கட்டணமும் அதன் பாடத்திட்டத்தில் இல்லை.

என் கருத்தின் சாரம் இதுவே. ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி வெற்றி பெறும்போது ஆராய்ச்சியின் ஒரு பாதியே முடிகிறது. வெயிலும் தூசியும் மின்தடையும் உள்ள சிற்றூர் அறையில், அதிகம் பயிலாத ஒரு பணியாளர் கையில், அவசரமாக வந்து நிற்கும் ஓர் ஏழைக்கு அது பயன்படும்போதுதான் மறுபாதி முடிகிறது. அந்த மறுபாதிக்கு விருதுகள் அரிது. செய்தித்தாளில் இடமும் அரிது. ஆயினும் அறிவில் அது முற்பாதிக்குச் சற்றும் தாழ்ந்ததன்று. அறையின் வெளிச்சத்தை அளப்பதும், கூலியாளின் ஒருநாளைக் கணக்கிடுவதும், பணியாளருக்குப் பொறுமையுடன் கற்பிப்பதும் ஆராய்ச்சியே.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பொறியியல் பயில்வோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பகுதியில் அரை நாள் அமர்ந்து காணுங்கள். மருத்துவம் பயில்வோர் பொறியியற்கூடத்தின் வாயிலை மிதியுங்கள். நாளைய காலணைவு அந்தச் சந்திப்பில் பிறக்கக்கூடும்.

மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டில் நீரிழிவுள்ளவர் இருப்பின், பார்வை நன்றாகத் தெரிகிறது என்று வாளா இராமல், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதிக்கச் செய்யுங்கள். சங்கரன்கோவிலில் நுண்ணிய நூலோடும் மல்லிகை மொட்டோடும் கைத்தொழில் செய்து பிழைப்பவர் பலர். அவர்களுக்குக் கண்ணே முதல். வானவெளி அறிஞரும் கணிப்பொறி அறிஞரும் நெடுந்தூரம் வந்து நம் தெருமுனையில் நிற்கின்றனர். எஞ்சிய சில அடிகளை நாம்தான் நடக்க வேண்டும்.