இரத்தத்தில் சீனி குறைந்தால்

நீரிழிவு என்றதும் இரத்தத்தில் சீனி மிகுவதையே யாவரும் அஞ்சுகின்றனர். அது அளவு கடந்து குறைவதும் ஆபத்தே என்பதை நம்மிற் பலர் எண்ணுவதில்லை. மிகுந்த சீனி ஆண்டுக்கணக்கில் உடலை அரிக்கும். குறைந்த சீனியோ சில நிமிடங்களிலேயே ஆளை வீழ்த்திவிடும்.

மூளைக்கு உணவு குளுக்கோசு. அதனைச் சேமித்துவைக்க இயலாத மூளை, இரத்தம் கொண்டுவருவதையே நம்பியிருக்கிறது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் குளுக்கோசு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும்; வியர்வை கொட்டும்; நெஞ்சு படபடக்கும்; பசி எடுக்கும். 54க்கும் கீழே சென்றால் பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், சித்தம் கலங்கும். ஈற்றில் வலிப்பும் மயக்கமும் நேரலாம்.

நீரிழிவு இல்லாதோருக்கு இது அரிது. 1921ஆம் ஆண்டு கனடாவில் பாண்டிங்கும் பெஸ்டும் கண்டறிந்த இன்சுலின் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. எனினும் அவ்வூசியும், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகளும், நாம் உண்ணாதிருந்தாலும் சீனியைக் குறைத்துக்கொண்டேயிருக்கும்.

பதுளை, பசறை, ஹாலி-எலத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். விடியலில் மாத்திரையை விழுங்கி, வெறுந்தேநீருடன் பெரட்டுக்குச் சென்று, கொழுந்துக்கூடையுடன் மலையேறும் தாய்க்கு என்ன நேரும்? ஏற்றத்தில் தசைகள் சீனியைச் செலவிடுகின்றன, வயிற்றில் உணவில்லை, மருந்தோ ஓய்வதில்லை. விரத நாட்களிலும் இதே நிலைதான். உண்ணாத வேளையிற் சீனியை ஆக்கித் தருவது கல்லீரல். வெறும் வயிற்றிற் குடிக்கும் மது அதனையும் தடுத்துவிடும். சிறுநீரகம் பழுதுற்றோருக்கு மருந்து உடலில் நெடுநேரம் தங்கும்.

இத்தகையவர் தள்ளாடினால் குடிவெறியென்று இகழ்வதும், பிதற்றினால் பேய் பிடித்ததென்று மந்திரிப்பதும் பெருந்தவறு. நினைவிருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடங்களில் தெளியாவிடின் மீண்டும் கொடுக்கலாம். தெளிந்தபின் ரொட்டியோ சோறோ உண்பிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது; மூச்சடைக்கும். அவரைப் பக்கவாட்டிற் கிடத்தி, 1990 எனும் எண்ணில் அம்புலன்ஸை அழைத்து, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

இதற்கு அஞ்சி மருந்தை நிறுத்துதலும் கூடாது. வேலை நேரத்தையும் விரதத்தையும் வைத்தியரிடம் கூறி, மருந்தின் அளவையும் வேளையையும் அறிந்துகொள்வதே முறை. மருந்துண்போர் காலையுணவைத் தவிர்க்கலாகாது. கொழுந்துக்கூடையுடன் ஒரு சிறு பொட்டலம் சீனியும் மலையேறட்டும்.