முதல் கோரிக்கை மட்டும் ஏன் தாமதமாகிறது?

பராமரிப்புப் பணி முடிந்து இணையவழி வங்கிச்சேவை மீண்டும் தொடங்கும் அதிகாலையில், பணம் அனுப்ப முற்படும் வாடிக்கையாளருக்குத் திரை சில நொடிகள் அசைவற்று நிற்பதுண்டு. அடுத்து வருபவருக்கோ அதே பணி நொடியில் முடிந்துவிடும். இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்துகொண்டால், அந்தச் சில நொடிகளில் நேரக்கூடிய ஒரு தவற்றைத் தவிர்க்கலாம்.

இணையதளத்தை இயக்கும் சர்வரில், இருப்பு அறிதல், பணம் அனுப்புதல், காசோலைப் புத்தகம் கோருதல் போன்ற ஒவ்வொரு கோரிக்கையையும் ஏற்றுச் செயலாற்றத் தனித்தனி நிரல்கள் உள்ளன. இவற்றைக் கையாளிகள் எனலாம். ஒரு கையாளி பணியாற்றுமுன், நினைவகத்தில் ஏற வேண்டும். தனக்குரிய அமைப்புகளைப் படிக்க வேண்டும். தேவையெனில் தரவுத்தளத்துடன் இணைப்பும் பெற வேண்டும். இந்த ஆயத்தம் ஒருமுறை நிகழ்ந்தால் போதும்.

அதனை எப்போது செய்வது என்பதே கேள்வி. வங்கிக் கிளையையே எண்ணிப் பார்ப்போம். வாயிற்கதவு திறக்குமுன்பே காசாளர் தமக்குரிய பணத்துடன் அமர்ந்துவிடுகிறார். பாதுகாப்புப் பெட்டக அறையிலோ, வாடிக்கையாளர் வந்த பின்னரே அவருடைய சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்து பெட்டகத்தைத் திறக்கின்றன. சர்வரிலும் இவ்விரு முறைகளும் உண்டு. ஜாவா மொழியில் எழுதப்படும் கையாளிகளுக்குச் சர்வ்லெட் என்று பெயர். அப்பாச்சி டாம்கேட் என்னும் மென்பொருளில், வேறு ஆணை தரப்படாவிடில், முதல் கோரிக்கை வரும்போதே சர்வ்லெட் ஆயத்தமாகும். 'லோட் ஆன் ஸ்டார்ட்அப்' என்னும் அமைப்பில் ஓர் எண்ணைக் குறித்தால், சர்வர் தொடங்கும்போதே அது ஆயத்தமாகிவிடும்; சிறிய எண் பெற்றது முன்னதாக ஆயத்தமாகும்.

தாமதிப்பதில் நன்மை உண்டு. சர்வர் விரைவில் எழுகிறது. அரிதாகப் பயன்படும் சேவைகளுக்காக நினைவகம் வீணாவதில்லை. ஆயினும் அதற்குரிய விலையை முதலில் வருபவர் செலுத்துகிறார். ஆயத்தம் முடியும்வரை, அதே சேவையை நாடும் பிறரும் காத்திருக்க நேரிடும். அன்றியும், அமைப்பில் பிழை இருப்பின் அது வாடிக்கையாளர் முன்னிலையில்தான் வெளிப்படும். முன்கூட்டியே ஆயத்தம் செய்தாலோ, கதவு திறக்குமுன்பே பொறியாளர் கண்ணில் பட்டுவிடும். எனவே பணம் தொடர்பான சேவைகளை முன்னதாகவும், அரிதாகப் பயன்படுபவற்றைத் தேவைப்படும்போதும் ஆயத்தம் செய்வதே முறையென நாம் கருதுகிறோம். பராமரிப்புக்குப் பின் சோதனைக் கோரிக்கைகளை அனுப்பிப் பார்த்த பின்னரே சேவையைத் திறப்பதும் நற்பழக்கமாகும்.

இவ்வளவு முன்னேற்பாடு இருந்தும் திரை தயங்கினால், வாடிக்கையாளர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். தயக்கம் தோல்வியன்று. முதல் கோரிக்கை இன்னும் செயலில் இருக்கக்கூடும். பொறுமையிழந்து மீண்டும் அழுத்தினால், அது இரண்டாவது கட்டளையாகவே ஏற்கப்பட்டு, பணம் இருமுறை பற்று வைக்கப்படலாம். முதலில் கணக்கு அறிக்கையைப் பாருங்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பற்று இல்லையென்று உறுதியான பின்னரே மீண்டும் முயலுங்கள்.

யூபிஐ வழியே மற்றொருவர் கணக்கிற்கு அனுப்பிய பணம் பற்று வைக்கப்பட்டும் பெறுநரைச் சேரவில்லையெனில், 2019 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, அது அடுத்த நாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பணம் போய்விட்டதோ என்ற பதற்றத்தில் மறுமுறை அனுப்ப வேண்டியதில்லை. சில நொடிப் பொறுமையே போதுமானது.