ஒரே வெள்ளை, நான்கு ஊர்க் கைகள்

ஓணம் நெருங்கினால் பாலக்காட்டுப் பக்கத்துத் துணிக்கடைகளில் வெள்ளையும் பொன்னுமாகச் சேலைகள் வந்து குவியும். கொல்லங்கோட்டிலும் நென்மாறையிலும் வாங்க வருபவர்கள் அத்தனையையும் ‘கேரளச் சேலை’ என்றே கேட்கிறார்கள். எந்த ஊர்த் தறியில் நெய்தது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஆனைமலைத் தொடரில் பிறந்து கொல்லங்கோட்டைத் தொட்டு ஓடும் காயத்ரிப்புழை, பாரதப்புழையோடு சேரும் இடத்தருகே இருக்கிறது குத்தாம்புள்ளி. திருச்சூர் மாவட்டம். இங்கே நெய்பவர்கள் தேவாங்கர் என்ற நெசவுச் சமூகத்தார். கொச்சி அரச குடும்பம் தங்கள் முன்னோரை மைசூர்ச் சீமையிலிருந்து அழைத்து வந்ததாகச் சொல்கிறார்கள். வீட்டுக்குள் இன்றும் கன்னடம் கலந்த பேச்சுதான். குலதெய்வம் சௌடேஸ்வரி அம்மன்.

குத்தாம்புள்ளியின் அடையாளம் உருவங்கள். மயில், கண்ணன், கதகளி முகம் எல்லாம் முந்தானையில் ஏறும். தறிக்கு மேலே துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோத்துத் தொங்குகின்றன, அதுதான் ஜக்கார்டு. நெசவாளர் மிதியை அழுத்தும்போது ஓர் அட்டை முன்னே வரும். துளை உள்ள இடத்துப் பாவு இழைகள், அதாவது நீளவாக்கு இழைகள், மட்டும் மேலே எழும். அந்த இடைவெளியில் கசவு என்ற பொன்னிழை ஓடும். அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை. ஒரு மயில் தோகை விரிப்பதற்குள் எத்தனையோ அட்டைகள் மாறிவிடும்.

தெற்கே உள்ள பலராமபுரம் இதற்கு நேர் எதிர். உருவம் கிடையாது, ஆடம்பரம் கிடையாது. நெசவின் நேர்த்திதான் அழகு. திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் என்ற நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய ஊர் அது. குழித்தறியில் உட்கார்ந்து நாடாவைக் கையாலேயே வீசி நெய்கிறார்கள். பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவதைக் காலையில் போனால் பார்க்கலாம். மலையாளிகள் தங்கள் மண்ணின் உடை என்று கொண்டாடும், இடுப்பில் உடுத்தும் முண்டும் மேலே போடும் நேரியதும் இப்படித் தமிழரும் கன்னடரும் வந்து நெய்தவை. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. பெருமைப்பட நிறைய இருக்கிறது.

எர்ணாகுளம் பக்கத்துச் சேந்தமங்கலத்துக்குப் புளியிலைக்கரை பேர்போனது. மெல்லிய கோடு போன்ற கரை, அவ்வளவுதான். கொச்சி மன்னரின் முதலமைச்சர்களாக இருந்த பாலியத்தச்சன் குடும்பம் அந்த நெசவாளர்களை ஆதரித்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தறிகள் மூழ்கின, ஓணத்துக்கு நெய்து வைத்த துணியெல்லாம் சேறாயிற்று. அந்தக் கறைத் துணியை வெட்டி ‘சேக்குட்டி’ என்ற பொம்மை செய்து விற்று நெசவாளர்களைக் கைதூக்கிவிட்டார்கள். வடக்கே காசர்கோட்டில் மட்டும் வெள்ளைக்குப் பதில் கோடும் கட்டமுமாக வண்ணச் சேலைகள்.

நெசவைப் பார்த்து ஊரை அறிவது இங்கு மட்டுமல்ல. குவாத்தமாலாவின் மாயா பெண்கள் முதுகோடு வார் கட்டி நெய்யும் ‘உய்பில்’ மேலாடையைப் பார்த்தே எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடுவார்களாம். அந்த வடிவங்கள் தங்கள் சமூகத்தின் சொத்து என்று அவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். இங்கே அந்த உரிமைக்கு உள்ள கவசம் புவிசார் குறியீடு. நான்கு ஊர்த் துணிகளும் அதைப் பெற்றிருக்கின்றன. குத்தாம்புள்ளிச் சேலைக்கு 2011இல் கிடைத்தது.

குறியீடு இருந்தும் விசைத்தறிச் சேலை அதே பெயரில் கடைக்கு வருகிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 22 துணிவகைகள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டன. பிறகு அது 11 ஆகச் சுருங்கியது. சேலையும் வேட்டியும் இன்றும் பட்டியலில் உண்டு. ஆனால் விலைச்சீட்டைப் பார்ப்பவருக்குச் சட்டம் தெரிவதில்லை. பள்ளிச் சீருடைக்குக் கைத்தறித் துணி வாங்கும் கேரள அரசின் திட்டம் தறிகளை ஓட வைக்கிறது, நல்லது. ஆனால் சீருடைத் துணிக்கு மயில் நெய்யும் கை தேவையில்லை. அந்தக் கைக்கு வேலை கொடுக்க வேண்டியவர், கடையில் சேலையைப் பிரித்துக் கைத்தறி முத்திரை இருக்கிறதா, எந்த ஊர் நெசவு என்று கேட்கும் வாடிக்கையாளர்தான்.