குடும்பப் பங்கேற்பு மனநல மருத்துவம் (வேலூர்)

குடும்பப் பங்கேற்பு மனநல மருத்துவம் என்பது, மனநோயாளியுடன் அவரது உறவினர் ஒருவரும் மருத்துவமனையிலேயே தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறையாகும். தமிழ்நாட்டில் இம்முறைக்குப் பெயர்பெற்றது, வேலூரை அடுத்த பாகாயத்தில் 1957 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் ஆகும். இங்கு உள்நோயாளியாகச் சேர்பவருடன் குடும்பத்தினர் ஒருவராவது தங்குவது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுகிறது.

பின்னணி

சென்னையில் 1794 இல் தொடங்கி, 1871 இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட மனநல விடுதி, அக்கால ஐரோப்பிய வழக்கப்படி நோயாளியைச் சமூகத்திலிருந்து பிரித்து வைக்கும் நோக்கில் அமைந்தது. உறவினரின் பங்கு வாயிற்கதவோடு முடிந்தது. நெடுங்காலம் உள்ளே இருந்தவருக்கு வீட்டில் இடம் இல்லாமற்போவது இயல்பாக நிகழ்ந்தது.

இதற்கு மாறான முயற்சி 1950களில் பஞ்சாபில் தோன்றியது. அமிர்தசரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் வித்யாசாகர், உறவினர்களை மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களில் தங்கவைத்து, நோயாளியைக் கவனிக்கக் கற்பித்தார். வேலூரில் கனடா நாட்டு மருத்துவர் புளோரன்சு நிக்கோல்சு தொடங்கிய மையம், குடும்பத்தையே அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது. பயிற்சி பெற்ற செவிலியர் குறைவாக இருந்ததே இதற்குக் காரணம் என்பர். அது உண்மையில் ஒரு பாதி மட்டுமே. 1952 இல் குளோர்புரோமசின் மருந்து பயன்பாட்டுக்கு வந்தபின், நோயாளி சில வாரங்களில் வீடு திரும்புவது இயலக்கூடியதாயிற்று. எனவே திரும்பிச் செல்லும் வீட்டையும் ஆயத்தம் செய்யவேண்டிய தேவை எழுந்தது. இம்மையத்தின் மருத்துவர் ஆபிரகாம் வர்கீசு 1988 இல் எழுதிய கட்டுரையின் தலைப்பில் இதனை ‘வேலூர்ச் சோதனை’ என்று குறிப்பிட்டார்.

செயல்படும் முறை

உடன் தங்கும் உறவினர் வெறும் துணையாள் அல்லர். நோயாளியின் உறக்கம், உணவு, பேச்சு ஆகியவற்றில் தோன்றும் மாற்றங்களை மருத்துவருக்குத் தெரிவிப்பவர் அவரே. அத்துடன் நோயைப் பற்றி அவரும் கற்றுக்கொள்கிறார்.

மனச்சிதைவு நோயுற்ற இளைஞர் ஒருவர் குளிப்பதில்லை, பேசுவதில்லை, வேலைக்குச் செல்வதில்லை எனக் கொள்வோம். வீட்டில் இது சோம்பல் என்றோ திமிர் என்றோ ஏசப்படும். இது நோயின் அறிகுறி என்று தாயோ தந்தையோ அறிந்துகொண்டால் ஏச்சு குறைகிறது. இருமுனையப் பிறழ்வில், இரண்டு மூன்று இரவுகள் உறக்கம் குறைந்தும் களைப்பின்றி இருப்பது எழுச்சி நிலையின் முன்னறிவிப்பாக இருக்கலாம். அதை முதலில் காண்பவர் பக்கத்தில் படுத்திருப்பவரே. இந்நோய்க்குத் தரப்படும் லித்தியம், உடலில் நீர்ச்சத்து குறைந்தால் குருதியில் மிகுந்து நச்சாகக்கூடும். வேலூரின் கத்திரி வெயிலில் இதை நினைவில் வைத்திருக்கவேண்டியவர், மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வீட்டார் ஆவர்.

குடும்பம் எப்போதும் நன்மையே செய்யும் என்பது இம்முறையின் கருத்தன்று. இலண்டனில் சியார்ச்சு பிரவுன் 1950களில் மேற்கொண்ட ஆய்வில், மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்கள், வாடகை விடுதிகளுக்குச் சென்றவர்களைவிட அதிகமாக மீண்டும் நோயுற்றது தெரிந்தது. இடைவிடாத குறைகூறல், பகைமை, அளவுமீறிய தலையீடு ஆகியவை நோய் திரும்புவதுடன் தொடர்புடையவை எனப் பின்னர் அறியப்பட்டது. 1987 இல் வெளியான சண்டிகர் ஆய்வு, இந்தியக் குடும்பங்களில் இத்தகைய போக்கு இலண்டனைவிடக் குறைவு எனக் கண்டது.

தோல் தொழில் வட்டாரத்தில்

இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர்பெற்றவை. 2019 வரை இவை யாவும் வேலூர் மாவட்டத்தில் இருந்தன. ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ளது.

மையம் அருகில் இருந்தாலும், சில வாரங்கள் உடன் தங்குவது நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு எளிதன்று. ‘ஷூ கம்பெனி’ என்று உள்ளூரில் வழங்கும் காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். நோயாளியுடன் தங்கும் பொறுப்பும் பெரும்பாலும் தாய், மனைவி, சகோதரி ஆகியோரையே சேர்கிறது. அந்நாட்களில் ஒருவருடைய கூலி அன்று, இருவருடைய கூலி நின்றுபோகிறது. மருந்து இலவசமாகவே கிடைத்தாலும் இந்த இழப்பு மருத்துவச் செலவுக் கணக்கில் சேர்வதில்லை.

மருத்துவமனைக்கு வருமுன் கோயில், தர்கா, தேவாலயம் ஆகியவற்றுக்குச் செல்வதும் உண்டு. நோயைக் குறித்து மருத்துவ விளக்கத்தையும் செய்வினை போன்ற விளக்கத்தையும் ஒருவரே ஒருசேர ஏற்பது வேலூர் ஆய்வுகளில் காணப்பட்டது. இதை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. ஆயினும் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகத்து 6 அன்று ஏற்பட்ட தீயில், தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர். வேறு வழி காணாத குடும்பங்கள் எங்கே சென்று நிற்க நேரிடும் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

மேடையில் இதே சிக்கல்

குடும்பத்தை நோயின் வெளியே நிறுத்தினால் நேர்வதை அமெரிக்க இசை நாடகமான ‘நெக்ஸ்ட் டு நார்மல்’ காட்டுகிறது. டாம் கிட் இசையமைத்து, பிரையன் யார்க்கி எழுதிய இந்நாடகம் 2009 இல் பிராட்வேயில் அரங்கேறி, 2010 இல் புலிட்சர் பரிசு பெற்றது. இதில் தாய் டயானா இருமுனையப் பிறழ்வு உடையவர். மின்னதிர்வுச் சிகிச்சைக்குப்பின் அவர் நினைவை இழக்கிறார். வீட்டில் மகள் கவனிப்பாரின்றி வளர்கிறாள். குழந்தையாகவே இறந்த மகனின் பெயரைக்கூடச் சொல்லாதிருந்த கணவர் டான், இறுதியில்தான் தாமும் மருத்துவரிடம் பேசத் தொடங்குகிறார். வேலூர் முறையில் டானுடனான உரையாடல் மனைவி சேர்க்கப்பட்ட முதல் வாரத்திலேயே தொடங்கியிருக்கும்.

விமர்சனங்கள்

குடும்பமே துன்பத்துக்குக் காரணமாக இருக்கும்போது இம்முறை இடர்ப்படுகிறது. கணவரின் வன்முறைக்கு உள்ளான பெண், அவரே உடனிருக்கும் அறையில் அதைச் சொல்ல இயலாது. அதனால் நோயாளியுடன் தனித்துப் பேசுவது இன்றியமையாததாகும். உறவினர் இல்லாதவர்க்கும் வீட்டாரால் கைவிடப்பட்டவர்க்கும் இம்முறை வழிகாட்டுவதில்லை. அவர்களுக்காகவே சென்னையில் 1993 இல் ‘தி பேன்யன்’ போன்ற அமைப்புகள் தோன்றின.

2018 இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சங்கிலியால் கட்டுவதையும், மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்துமின்றி மின்னதிர்வுச் சிகிச்சை அளிப்பதையும் தடை செய்தது. தம் சார்பில் முடிவெடுக்க உதவும் பிரதிநிதியை நோயாளியே நியமிக்கலாம் எனவும் அச்சட்டம் கூறுகிறது. அவர் உறவினராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.