அச்செடுத்தால் செல்லாத முத்திரை

லண்டனில் ஒரு நோட்டரி போட்ட கையெழுத்தை ஸ்பெயினில் இருக்கும் வங்கி எதை வைத்து நம்பும்? முன்பெல்லாம் நோட்டரிக்கு மேல் வெளியுறவு அமைச்சகம், அதற்கும் மேல் தூதரகம் என்று முத்திரைமேல் முத்திரையாக ஏறிக்கொண்டே போகும். 1961 அக்டோபர் 5-ஆம் தேதியிட்ட ஹேக் உடன்படிக்கை இந்த அடுக்கை ஒரே சான்றாகச் சுருக்கியது. அதன் பெயர் அப்போஸ்டில். இந்தியாவில் அது 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

பக்கத்துக்கு ஒன்பது சென்டிமீட்டராவது இருக்கும் ஒரு சதுரம். எந்த நாடு கொடுத்தாலும் தலைப்பு பிரெஞ்சில்தான். உள்ளே எண்ணிட்ட பத்து விவரங்கள்: எந்த நாட்டு ஆவணம், கையெழுத்திட்டவர் யார், என்ன பதவி, யாருடைய முத்திரை என்று போகும். இது உறுதிசெய்வது கையெழுத்தையும் பதவியையும் முத்திரையையும் மட்டுமே. ஆவணத்தில் எழுதியிருப்பது உண்மையா என்று அது பார்ப்பதில்லை. பொய்யான உறுதிமொழிப் பத்திரமும் முறையான அப்போஸ்டிலோடு வந்து சேரலாம்.

இந்தச் சதுரத்தைக் கணினிக்குக் கொண்டுபோகும் திட்டத்தை ஹேக் மாநாட்டு அமைப்பு 2006-இல் தொடங்கியது. பிரிட்டனில் இன்று நோட்டரியோ சொலிசிட்டரோ பிடிஎஃப் கோப்பிலேயே மின்கையொப்பம் இடுகிறார். அதை வெளியுறவுத் துறையின் சான்றளிப்பு அலுவலகத்துக்கு இணையவழி அனுப்பினால், கையொப்பத்தைச் சரிபார்த்து, மின் அப்போஸ்டில் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறார்கள். கூரியர் செலவு இல்லை. கட்டணமும் தாள் முறையைவிடக் குறைவு. ஆனால் பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு இந்த வசதி கிடையாது. அவை தாளில்தான்.

கோப்பு கைக்கு வந்ததும் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை அச்செடுப்பது. (லேமினேட் செய்பவர்களும் உண்டு.) மின்கையொப்பம் இருப்பது கோப்புக்குள்; தாளில் விழுவது அதன் படம் மட்டுமே. மூலம் என்பது அந்த பிடிஎஃப்தான். அதை அப்படியே மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். பெறுபவர் அப்போஸ்டில் எண்ணையும் தேதியையும் பிரிட்டன் அரசின் சரிபார்ப்புத் தளத்தில் இட்டால் அது உண்மையாகவே வழங்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். தாளில் வாங்கிய அப்போஸ்டிலையும் இப்படிச் சோதிக்கலாம். என்னைக் கேட்டால், மின் அப்போஸ்டிலைவிட இந்தப் பதிவேடுதான் பெரிய முன்னேற்றம். போலி முத்திரை குத்துவது எளிது. அரசின் பதிவேட்டில் போலியாக ஒரு வரி சேர்ப்பது அப்படியல்ல.

லண்டனில் இருப்பவர் சென்னையிலுள்ள மனையை விற்க அண்ணன் பெயருக்குப் பவர் கொடுக்கிறார் என்றால் கதை வேறு. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் பவர் பத்திரத்தையும் உயிலையும் மின்னணு ஆவணமாக ஏற்பதில்லை. ரிசர்வ் வங்கி, செபி போன்றவற்றின் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களுக்குத் தரும் பவருக்கு மட்டும் 2022-இல் விலக்கு கிடைத்தது. அண்ணனுக்கு அது பொருந்தாது. மையில் கையெழுத்திட்டு, தாளிலேயே அப்போஸ்டில் வாங்கி அனுப்ப வேண்டும். பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்டியாக வேண்டும்.

உடன்படிக்கையில் சேராத ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்கு இன்னும் தூதரக முத்திரைதான் வழி. சேர்ந்த நாடுகளிலும் கவுன்டரில் இருப்பவர் தாளைக் கேட்கக்கூடும். மின் கோப்பு போதுமா, தாள்தான் வேண்டுமா என்று பெறுபவரிடம் மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொண்டு அதன் பிறகு நோட்டரியிடம் போவது நல்லது. அரசுக் கட்டணத்தைவிடப் பெரும்பாலும் அவர் கட்டணம்தான் அதிகம்.