ஃப்ரெஷருக்கு கேட் கற்றுத் தரும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

உங்க டீமில் புதிதாகச் சேர்ந்தவர் ஒரு தகட்டை மாடல் செய்து காட்டுகிறார். நீளம் 100 மி.மீ., நான்கு மூலையிலும் போல்ட் துளை, ஒவ்வொன்றும் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே. டிராயிங்கோடு அப்படியே பொருந்துகிறது. உடனே ஓகே சொல்லிவிடாதீர்கள். நீளத்தை 80 ஆக்கிப் பாருங்கள்.

வலது பக்கத் துளைகள் தகட்டுக்கு வெளியே போய்விட்டதா? அப்படியானால் அவர் அந்தத் துளையை இடது விளிம்பிலிருந்து 90 என்று குறித்திருக்கிறார். கணக்கு சரிதான். ஆனா அவர் சொல்ல நினைத்தது 'வலது விளிம்பிலிருந்து 10'. மனசில் இருப்பது மென்பொருளுக்குத் தெரியாது, கொடுத்த அளவு மட்டும்தான் தெரியும். எந்த அளவு எதைச் சார்ந்து மாறணும் என்ற இந்த எண்ணத்துக்குப் பெயர்தான் 'டிசைன் இன்டென்ட்'.

இது புது விஷயமா?

இல்லை. 1963-ல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேடிலேயே கோடுகளுக்கு இடையே நிபந்தனை போட முடிந்தது. மென்பொருள் எப்போதோ தயார். நம்ம பயிற்சிதான் பல இடங்களில் இன்னும் எக்ஸ்ட்ரூட், ரிவால்வ் என்று கமாண்ட் பட்டியலிலேயே நிற்கிறது.

என்ன சொல்லித் தரலாம்?

முதலில் ஸ்கெட்ச். சாலிட்வொர்க்ஸில் கோடு நீலமாக இருந்தால் அது இன்னும் நகரும், கறுப்பானால் முழுதாகக் கட்டுப்பட்டது. இதைச் சொன்னதும் சிலர் எல்லாவற்றுக்கும் 'ஃபிக்ஸ்' போட்டுக் கறுப்பாக்கிவிடுவார்கள்! அது ஏமாற்று வேலை. பார்க்க கறுப்பு, உள்ளே ஓர் உறவும் இல்லை. தகடு இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் ஸ்கெட்சை ஒரிஜினில் மையமாக வைத்து, துளைகளை சிமெட்ரி மூலம் கட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது வரிசை. ஃபில்லட் போட்டதும் அசல் விளிம்பு மறைந்துவிடும். பிறகு வரும் ஸ்கெட்ச் அந்த வளைவைப் பிடித்துக்கொண்டு நின்றால், நாளை ஃபில்லட்டை நீக்கும்போது அதுவும் சேர்ந்து விழும். அழகுக்கான ஃபில்லட்கள் கடைசியில் வரட்டும். ஃபீச்சர்களுக்குப் பெயரும் வேண்டும். 'கட்-எக்ஸ்ட்ரூட் 17' என்பதை விட 'மோட்டார் போல்ட் துளை' யாருக்கும் புரியும்.

ஏன் இவ்வளவு கறார்?

புனேவிலோ பெங்களூரிலோ போடும் மாடல் அங்கேயே நிற்பதில்லை. அதைத் திறந்து அளவு மாற்றப் போவது இன்னொருவர், சில சமயம் இன்னொரு நாட்டில். உடைந்த மாடலைச் சரிசெய்வதை விட புதிதாகப் போடுவதே மேல் என்று அவர் முடிவெடுத்தால், உங்க ஃப்ரெஷரின் உழைப்பு மொத்தமும் வீண். சாலிட்வொர்க்ஸின் சிஎஸ்டபிள்யூபி தேர்விலும் இதே சோதனைதான்: பார்ட்டைப் போட்ட பிறகு அளவுகளை மாற்றச் சொல்லி புதிய எடையைக் கேட்பார்கள்.

இரண்டு ஃப்ரெஷர்கள் இருந்தால் இன்னும் வசதி. ஒரே டிராயிங்கை இருவருக்கும் கொடுங்கள். முடித்ததும் ஃபைல்களை மாற்றிக் கொடுத்து, மூன்று அளவுகளை மாற்றச் சொல்லுங்கள். போட்டவர் பக்கத்தில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது.