மனநல இல்லமும் உரிமமும்

போத்தனூர் சந்திப்பின் நடைமேடையில் தேநீர் விற்பதற்கும் உரிமம் வேண்டும். அப்படியிருக்க, மனம் நலிந்த மனிதரை இரவும் பகலும் தன் கூரையின்கீழ் வைத்துக் காக்கும் இல்லத்திற்கு உரிமம் வேண்டாமா? வேண்டும் என்கிறது சட்டம். அது எதற்காக என்பதை நண்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏர்வாடி தந்த பாடம்

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் புகழ்பெற்ற தர்கா ஒன்று உண்டு. அங்கு சென்றால் மனநோய் தீரும் என்ற நம்பிக்கையோடு பல சமயத்தவரும் வருவர். உடன் தங்க இயலாத குடும்பத்தார், நோயாளியை அங்கிருந்த தனியார் காப்பகங்களில் பணம் கட்டி விட்டுச் சென்றனர். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், பொழுது விடியுமுன், அத்தகைய காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளிருந்தோரில் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட வழியில்லை. 28 உயிர்கள் பலியாயின.

அப்போது சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது! 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993 முதல் நடைமுறையில் இருந்தது. மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் இல்லம் உரிமம் பெறவேண்டும் என்று அது கூறியது. ஆயினும் ஏட்டில் இருந்த சட்டம் அந்தக் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. தீ விபத்துக்குப் பின்னரே ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டன. அங்கிருந்த 500க்கும் மேற்பட்டோரை அரசு தன் பொறுப்பில் ஏற்றது.

இன்றைய விதிகள்

பழைய சட்டத்தின் இடத்தில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்து, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யாமல் எவரும் மனநல இல்லம் நடத்தலாகாது. குடிப்பழக்கம், போதைப்பழக்கம் ஆகியவற்றால் வரும் மனநிலைக் கோளாறுகளும் இச்சட்டத்தின் வரம்பிற்குள் அடங்கும். உறவினரோடு நோயாளி வாழும் சொந்த வீட்டிற்கு மட்டும் பதிவு தேவையில்லை.

விண்ணப்பித்தவுடன் கிடைப்பது தற்காலிகப் பதிவு. அது 12 மாதம் செல்லும். கட்டடம், வசதி, பணியாளர் தகுதி, பதிவேடு ஆகியவற்றில் குறைந்தபட்சத் தரம் இருந்தால்தான் நிரந்தரப் பதிவு. அதற்கு முன் 30 நாட்கள் பொதுமக்களின் ஆட்சேபணை கேட்கப்படும். பின்னர் மூன்றாண்டுக்கு ஒருமுறை தணிக்கை உண்டு. பதிவின்றி நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீண்டும் தவறினால் 5 இலட்சம் வரை உயரும்.

நடத்தும் முறை

பதிவு பெற்றுவிட்டால் பொறுப்பு தீர்ந்ததா? இல்லை, அங்கேதான் தொடங்குகிறது. எவ்வடிவிலும் சங்கிலியிடுதல் கூடாது. தனியறையில் அடைத்து வைத்தலும் கூடாது. கட்டாயமாகத் தலைமழித்தல் ஆகாது. சொந்த உடை அணியவும், வேலை செய்தால் கூலி பெறவும் அவருக்கு உரிமை உண்டு. அவராக ஒப்பாத நிலையில் சேர்க்கப்பட்டால், ஏழு நாட்களுக்குள் மனநல மீளாய்வு வாரியத்திற்கு அறிவிக்கவேண்டும். பெண்ணாயினும் சிறாராயினும் மூன்றே நாட்கள். இவ்வாறு சேர்க்கும்போது முதலில் 30 நாட்கள் வரைதான் வைத்திருக்கலாம்.

இவ்விதிகள் அனைத்திற்கும் அடிப்படை ஒன்றே. உள்ளே இருப்பவர் தம் குறையை வெளியே வந்து சொல்ல இயலாதவர். ஆகவே வெளியுலகின் கண் உள்ளே செல்லவேண்டும். அதற்காகத் திறந்து வைக்கும் சன்னலே உரிமம்.

நாம் செய்யத்தக்கது

நம் கொங்கு நாட்டில், வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் ஊருக்குத் தெரியாமல் மறைப்பதே வழக்கம். அவசரத்தில், யாரோ சொன்ன இடத்தில் இரவோடிரவாக விட்டுவருவதும் உண்டு. அத்தகைய வீட்டார் நம்மிடம் யோசனை கேட்டால் சில கேள்விகளைச் சொல்லி அனுப்புவோம். பதிவுச் சான்றிதழ் எங்கே? மனநல மருத்துவர் எப்போது வருவார்? நாங்கள் எப்போது வந்து பார்க்கலாம்? அவர் எங்களுடன் தொலைபேசியில் பேசலாமா? இவற்றுக்கு முகம் சுளிக்கும் இல்லத்தின் வாசலிலிருந்தே திரும்பிவிடலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

கையெழுத்திட்டுச் சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என எண்ணலாகாது. ஏர்வாடியில் மாண்டவர்களையும் யாரோ ஒருவர் நம்பிக்கையோடு கொண்டுபோய் விட்டுவந்தவர்தாமே? உரிமம் கேட்பதும், அடிக்கடி சென்று பார்ப்பதும் அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.